வந்தவர்களுக்கு ஒரு பழத்தட்டு

நாற்பத்தெட்டு வயது வரை நான் ஒரு கொய்யாப்பழத்தைக்கூடக் கத்தியால் வெட்டியதில்லை. கடித்துத்தான் தின்பேன். வீட்டில் பழம் வெட்டுவது என் மனைவியின் வேலை. அவளுக்கு அது வேலையாகவே தெரியவில்லை, பெருமையாக இருந்தது.

1993இல் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அதற்கு முன்னால் நாலு வருடம் அவள் விழுப்புரத்தில் ஒரு கன்னியர் மடத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தாள். மடத்துக்கு வெளியூரிலிருந்து சாமியார்களும் சிஸ்டர்களும் வந்தபடி இருப்பார்களாம். அவர்களுக்குப் பழத்தட்டு வைப்பது அவள் பொறுப்பு. திண்டிவனத்தில் நாங்கள் குடியேறிய வாடகை வீட்டில் நாற்காலி இரண்டுதான் இருந்தது. ஆனால் யார் வந்தாலும் பத்து நிமிஷத்தில் அவர்கள் முன்னால் ஒரு தட்டு வந்துவிடும். கல்யாணச் சீரில் வந்த பெரிய எவர்சில்வர் தட்டு அது. ஓரத்தில் பப்பாளித் துண்டுகள் பிறை பிறையாக, அதற்குள்ளே கொய்யா, நடுவில் ஆப்பிள், இடைவெளிகளில் கறுப்புத் திராட்சை. ஆப்பிளை உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பாள், நிறம் மாறாது. வாழைப்பழத்தைக் கடைசியில்தான் நறுக்குவாள்.

"குவிச்சி வச்சா மாட்டுக்கு வச்ச மாரி இருக்கும்ங்க. ஒவ்வொண்ணும் தனியா தெரியணும்" என்பாள்.

எனக்கு இதிலெல்லாம் கவனம் இருந்ததில்லை. விழுப்புரத்தில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். வீட்டில் நடப்பதில் பாதி எனக்குத் தெரியாமலே நடந்தது.

அவள் கால் வீங்கியதும் அப்படித்தான். செருப்பு சரியில்லை என்று சொல்லி மூன்று மாதத்தில் இரண்டு ஜோடி மாற்றினாள். பிறகு சாப்பாடு பிடிக்கவில்லை. பிறகு வாந்தி. 2011இல் விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்றார்கள். வாரம் இரண்டு முறை இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். இடது கையில் ரத்தக்குழாயை இணைத்து ஒரு சின்ன ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் கையில் எதுவும் தூக்கக் கூடாது, கத்தி கித்தி பட்டால் ரத்தம் நிற்காது என்று நர்ஸ் எச்சரித்தார்.

சாப்பிடக் கூடாதவற்றையும் அவர்தான் சொன்னார். வாழைப்பழம், சாத்துக்குடி, ஆரஞ்சு, மாதுளை, சப்போட்டா, மாம்பழம், பலா, இளநீர்.

"ரத்தத்துல பொட்டாசியம் ஏறிடும்மா. ஏறுச்சின்னா இதயம் நின்னுடும்."

அவள் சிரித்தபடி கேட்டாள், "அப்ப நான் இன்னாதான் சாப்புடறது சிஸ்டர்?"

"ஆப்பிள் தோலெடுத்து ரெண்டு துண்டு. கொய்யா, பப்பாளி கொஞ்சூண்டு. போதும்."

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வேறு எதைக் கொண்டுவருவார்கள்? எல்லோரும் பழம்தான் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரர்கள், பங்குக் கோயிலிலிருந்து ஜெபக்கூட்டத்துப் பெண்கள், என் அலுவலகத்துக்காரர்கள் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை தொங்கும். பேருந்து நிலையத்தில் இறங்கி, வாசல் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கி வந்திருப்பார்கள். அதில் அவள் சாப்பிடக்கூடியது அநேகமாக ஒன்றும் இருக்காது. சமையலறை மேடை முழுக்கச் சாத்துக்குடியும் வாழைப்பழமும் கிடந்தன. வீடு முழுக்கப் பழவாசனை. எனக்கு அந்த வாசனையே பிடிக்காமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பெரியம்மா கண்டாச்சிபுரத்திலிருந்து வந்தார். முழங்கால் வலியோடு இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். பை நிறையச் சாத்துக்குடி.

"மாப்ள, தெனம் ரெண்டு ஜூஸ் போட்டு குடுங்க. ரத்தம் ஊறும். புள்ள எப்டி வெளுத்துப் போயிருக்கு பாருங்க" என்றார்.

அந்த வாரம் இதே வார்த்தையைச் சொன்ன ஐந்தாவது ஆள் அவர். முந்தின நாள்தான் மருத்துவமனையில் நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன். "அத்தை, அத குடிச்சா செத்துடுவா" என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். பெரியம்மா பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். என் மனைவி கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. நான்தான் முதலில் சொன்னேன், அதுவும் அவள் முகத்துக்கு நேராக.

அவள் கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பெரிய தட்ட எடுங்க. கத்தியும் எடுங்க."

"இன்னாத்துக்கு?"

"பெரியம்மா காலையில எப்ப சாப்ட்டுதோ. வந்தவங்களுக்கு ஒண்ணும் குடுக்காம ஒக்கார வச்சிக்கினு, கத்திக்கினு இருக்கீங்க."

நான் வெட்டினேன். அவள் சொல்லச் சொல்ல வெட்டினேன். சாத்துக்குடியை உரிக்காமல் வட்டமாக நறுக்கச் சொன்னாள். நான் அழுத்திய அழுத்தில் சாறு மேடையெல்லாம் ஓடியது. பப்பாளி விதையைக் கரண்டியால் வழிக்கச் சொன்னாள். ஆப்பிளின் நடுத்தண்டை எப்படி எடுப்பது என்று தெரியாமல் பாதி ஆப்பிளை வீணாக்கினேன்.

"அய்யய்ய, தோலோட சதையும் போவுதே. கத்தியப் படுக்க வச்சிப் புடிங்க. அவசரம் இன்னா, ரயில் போயிடுமா?"

தட்டைக் கொண்டுபோய் வைத்தபோது பெரியம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அழுதார். என் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்புடு பெரிம்மா, நல்லா இருக்குதா? புளிக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் தட்டு வைத்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பாள். சில நாள் பேச முடியாமல் கையால் மட்டும் காட்டுவாள். ஆறேழு மாதத்தில் எனக்குக் கை பழகிவிட்டது. வந்தவர்கள் கொண்டுவந்த பழத்தை அவர்களுக்கே வெட்டிக் கொடுக்கிறோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு அவளுக்கென்று எடுத்து வைத்த இரண்டு ஆப்பிள் துண்டை ஒரு சின்னத் தட்டில் கொடுப்பேன். அதைச் சாப்பிட அவளுக்கு அரை மணி நேரம் ஆகும். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால், அந்த ஈரத்தையே மெதுவாக மென்றுகொண்டிருப்பாள்.

2012 கோடையில் ஒரு நாள், "ஒரு மாம்பழத் துண்டு சாப்புடணும் போல இருக்குதுங்க" என்றாள்.

ஒன்றரை வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். நான் மருத்துவமனையில் அந்த நர்ஸிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"மிஷின்ல போட்டு மொத ஒரு மணி நேரத்துக்குள்ள ரெண்டு சின்னத் துண்டு குடுங்க சார். உள்ள போறத மிஷினே எடுத்துடும். வீட்டுல வேணவே வேணாம்."

மூன்று பங்கனப்பள்ளிப் பழம் வாங்கினேன். அடுத்த முறை போக வேண்டிய நாள் காலையில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். நான் ஒரு பழத்தைச் சீவினேன். கொட்டையை ஒட்டி இரண்டு பக்கமும் கன்னம் எடுத்து, தோல் நீக்கி, நீள நீளமாக ஆறு துண்டு போட்டேன். ஒரு துண்டும் நசுங்கவில்லை. அவள் எதுவும் திருத்தவில்லை. சின்ன டிபன் பாக்ஸில் அடுக்கி மூடினேன். ரயிலில் அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அன்று இயந்திரங்கள் ஓடவில்லை. தண்ணீர் சுத்திகரிக்கும் பிளாண்டில் ஏதோ பழுது, நாளைக் காலையில் வாருங்கள் என்றார்கள். வெளியே நடைபாதை பெஞ்சில் எங்களைப் போல ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு மூச்சு வாங்கியது. டிபன் பாக்ஸைத் திறந்து முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். மூடினாள்.

"ஒரே ஒரு துண்டு சாப்புடு. ஒண்ணும் ஆவாது" என்றேன் நான். என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அவள் அதை முகர்ந்து பார்த்தது என்னால் தாங்க முடியவில்லை.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேணாங்க. பொண்ணு பரீட்ச எழுதிக்கினு இருக்கு" என்றாள்.

எங்கள் ஒரே மகள் அப்போது சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பத்து நாளில் வீட்டுக்கு வரவேண்டியவள்.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு அம்மா, மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து கணவரை அழைத்து வந்தவர், விடியற்காலையில் கிளம்பியதில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லியிருந்தார். என் மனைவி டிபன் பாக்ஸை அவரிடம் நீட்டினாள்.

"நீங்க சாப்புடுங்கக்கா. எங்க வீட்டுக்காரர் வெட்டினது."

அவர் கூச்சப்பட்டுக்கொண்டே ஆறு துண்டையும் சாப்பிட்டார். என் மனைவி மடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். மறுநாள் நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவளுக்கு இரவெல்லாம் மூச்சுத் திணறல், எனக்கும் தூக்கமில்லை. ஜல்தி ஜல்தியாக இட்லியைக் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினோம். இயந்திரம் ஓடியது. படுக்க வைத்து ஊசி குத்தி, அரை மணி நேரம் கழிந்ததும் நர்ஸ் என்னைப் பார்த்து, "குடுக்கறதுன்னா இப்ப குடுத்துடுங்க சார்" என்றார். நான் பையைத் திறந்தேன். இட்லிதான் இருந்தது. மிச்சம் இரண்டு மாம்பழமும் வீட்டில் மேடைமேல் இருந்தன.

அவளும் பையைப் பார்த்தாள். இட்லியை வாங்கிச் சாப்பிட்டாள். "மறந்துட்டேன்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். அடுத்த தடவை கொண்டுவரலாம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை அவளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த தடவை மகள் வந்திருந்தாள், வேறு பேச்சு. அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காதவளிடம் நானாக எப்படிக் கேட்பது என்று ஒரு தயக்கம் எனக்கு வந்துவிட்டது. மேடையிலிருந்த இரண்டு பழமும் கறுத்துத் தண்ணீர் விட்டன. அவள் தூங்கும் நேரம் பார்த்து எடுத்துப் போட்டேன். அதோடு மாம்பழக் காலமும் முடிந்தது.

அடுத்த மாம்பழக் காலத்துக்கு அவள் இல்லை. தை மாதம், கையில் ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டது. நாலு நாள் நினைவில்லாமல் இருந்து போய்விட்டாள். நாற்பத்து மூன்று வயது.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்களும் பழம்தான் கொண்டுவந்தார்கள். யாரும் என்னை வெட்டச் சொல்லவில்லை. ஜெபக்கூட்டத்துப் பெண் ஒருவர் கத்தியை எடுத்ததும், "நான் பாத்துக்கறேன்மா, நீங்க போய் ஒக்காருங்க" என்று வாங்கிக்கொண்டேன். வெட்டி அடுக்கிக் கூடத்தில் வைத்துவிட்டு, பின்வாசலில் போய் நின்றேன்.

அதன் பிறகு இரண்டு வருடம் நான் பழக்கடைப் பக்கம் போகவில்லை. பேருந்து நிலையத்தில் கொய்யாக் கூடைக்காரர்கள் ஜன்னலில் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மகளுக்குக் கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு அவளும் மருமகனும் வந்தார்கள். அன்றைக்குத்தான் மறுபடி ஒரு பப்பாளியும் இரண்டு ஆப்பிளும் வாங்கினேன்.

மகள் சமையலறை வாசலில் நின்று நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா உங்களுக்கு எப்பப்பா இத சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். அவள் ஹாஸ்டலில் இருந்த வருடங்கள் அவை. அவளுக்குத் தெரியாது.

சொல்ல வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். மாம்பழத்தையும் சொல்லியிருப்பேன். மருமகன் கூடத்திலிருந்து ஏதோ கேட்டார். அவள் போய்விட்டாள்.

தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். பப்பாளி காய்வெட்டு, இனிப்பே இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.