அம்மா தீவுக்கு வந்தபோது

1. கோழிக்கூண்டுக்குப் பின்னால்

லட்சத்தீவுக் கப்பல்கள் எல்லாத் தீவிலும் கரையணைவதில்லை. எங்கள் தீவில் பவளப்பாறைக்கு வெளியே, ஆழத்திலேயே நின்றுவிடும். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவைத் திறப்பார்கள். கீழே சிறு படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அது மேலே வருகிற நொடியில் கால் வைக்க வேண்டும். நான் வேலையில் சேர வந்த நாளில் அந்தக் கதவில் நின்று தயங்கினேன். பின்னால் கோழிக்கூண்டோடு நின்ற பெரியவர் சத்தம் போட்டார். கூண்டு முதலில் போனது. அப்புறம் நான்.

கரையில் செல்வின் சார் காத்திருந்தார். டைவ் சென்டருக்குப் பொறுப்பாளர். கடற்படையில் டைவராக இருந்து ஓய்வு பெற்றவர், நாகர்கோவில் பக்கம்.

"திருவனந்தபுரத்துலேந்து வாற லலிதா நீதானா? வா மக்ளே. ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடு. தண்ணிக்குள்ள எந்த நேரத்திலயும் மூச்சப் பிடிக்கப்பிடாது. பாக்கி எல்லாம் நான் படிப்பிச்சுத் தாரேன்."

நான் வலியசாலை அக்ரகாரத்துப் பெண். எங்கள் தெருக்காரர்களுக்குக் கடல் என்றால் ஆடி அமாவாசைக்குச் சங்குமுகத்தில் முழங்கால் அளவில் நின்று தலை முழுகுவது. விலங்கியல் படித்துவிட்டு, விழிஞ்ஞத்தில் ஒரு ஆய்வுக்கு உதவியாளாகப் போனேன். அங்கே பாறையோரம் முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். டைவிங் கோர்ஸ் முடித்து, இன்ஸ்ட்ரக்டர் ஆகி, தீவுக்கு வேலை கிடைத்தபோது அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார். அம்மா மட்டும் கேட்டாள்: "அங்கே பயமொண்ணும் இல்லையேடீ?"

"ஒரு பயமும் இல்லைம்மா" என்றேன். பிறகு ஒவ்வொரு போன் பேச்சிலும் அதையேதான் சொன்னேன்.

2. தீவு வாழ்க்கை

அந்தத் தீவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பேசிக்கொண்டே நடந்துவிடலாம். காலையில் கம்ப்ரஸரை ஓட்டிச் சிலிண்டர் நிரப்புவோம். மூச்சுவிட வாயில் கவ்வும் ரெகுலேட்டர், காற்றடைத்து மிதக்க உதவும் பி.சி.டி. ஜாக்கெட் எல்லாம் சரிபார்ப்போம். வந்த கெஸ்டுகளைப் பாறைக்கும் கரைக்கும் நடுவே ஆழமில்லாத லகூனில் பழக்குவோம். பழகியவர்களைக் குஞ்ஞிக்கோயாவின் படகில் பாறைக்கு வெளியே கூட்டிப்போவோம். கோயா தீவுக்காரர், சொற்பப் பேச்சு. நாங்கள் தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் எங்கள் மூச்சுக் குமிழிகளைப் பார்த்தபடி படகை மெல்லக் கொண்டுவருவார்.

வெளிப்பாறை ஒரு இடத்தில் சட்டென்று முடிந்துவிடும். அதற்கப்புறம் கீழே நீலம்தான். அந்த விளிம்பில் மிதந்துகொண்டு திரும்பிப் பார்த்தால், மான்கொம்புப் பவளம், மேஜை மாதிரி விரிந்த பவளம், இடையிடையே ஆயிரக்கணக்கில் ஆரஞ்சு நிற மீன்கள். கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் சத்தம் நொறுக்குத் தீனி தின்பதுபோல் கேட்கும். இப்போதும் வீட்டில் யாராவது முறுக்கு கடித்தால் எனக்கு அந்த இடம் ஞாபகம் வரும்.

கப்பல் வராவிட்டால் காய்கறி கிடையாது. மழைக்காலத்தில் கடல் அடைந்துவிடும்; டைவிங் நிற்கும். அப்போது கோயாவின் மனைவி பீவியின் அடுக்களையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பேன். மீன் சாப்பிடாத என்னைக் கண்டு அவளுக்குத் தீராத வருத்தம். ஈரப்பலாவையும் முருங்கைக்கீரையையும் தேடிப் பிடித்துச் சமைத்துத் தருவாள். நான் அங்கே மகிழ்ச்சியாக இருந்தேன். ஊரில் யாருக்கும் அதைப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

3. ஸ்ரீவராகத்து வரன்

ஒரு சீசன் முடியப்போகும் நேரத்தில் அம்மா பெர்மிட் எடுத்துக்கொண்டு தனியாகக் கப்பலேறி வந்துவிட்டாள். குக்கர், புளி, பருப்புப்பொடி, தனக்கென்று ஒரு தம்ளர். கப்பல் கதவிலிருந்து படகுக்கு எப்படித் தாண்டுவாளோ என்று நான் கீழே படகில் பதறிக்கொண்டிருந்தேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆட்டோவில் ஏறுவதுபோல் ஏறிவிட்டாள்.

அன்று சாயங்காலமே விஷயத்துக்கு வந்தாள்.

"லல்லி, நான் சண்டை போட வரலை கேட்டியா. நம்மூர் ஸ்ரீவராகத்துலேந்து ஒரு வரன் வந்திருக்கு. நல்ல மனுஷா. அவா கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். வெள்ளத்துல முங்கற இந்த ஜோலி வேண்டாங்கறா."

"நீ என்னம்மா சொல்றே?"

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? நீ இங்கே என்ன பண்றேன்னே எனக்குத் தெரியாது. அடுத்த கப்பல்ல என்னோட வந்துடு. ஆத்துல பேசிக்கலாம்."

 நான் மறுத்தால் அவள் அழுவாள். அழுதால் நான் போய்விடுவேன். எனக்கே என் மேல் அந்தப் பயம் இருந்தது. இரண்டொரு நாள் பேச்சைத் தள்ளிப்போட்டேன். அதற்குள் அந்த மழை வந்தது.

4. மேலே வந்தபோது

கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டர் தம்பதி வந்திருந்தார்கள். சிவகுமார், வித்யா. இருவருமே பழகிய டைவர்கள். காலையில் வானம் தெளிவாக இருந்தது. தீவின் தெற்கு முனையில் இறங்கினோம். பாதி நேரத்தில் கீழே வெளிச்சம் மங்கியது. கரண்ட், அதாவது கடல் நீரோட்டம், திசை மாறி, எங்களைப் பாறையிலிருந்து வெளியே தள்ளத் தொடங்கியது. டைவை முடித்துக்கொள்ளலாம் என்று கைகாட்டி, விதிப்படி மெதுவாக மேலே வந்தோம்.

மேலே படகு இல்லை. மழைதான் இருந்தது. எதிரே கை நீட்டினால் கை தெரியாத மழை. கடல் முழுக்கத் துளிகள் கொப்பளிக்கும்போது எங்கள் குமிழிகளைக் கோயா எப்படிப் பார்த்திருப்பார்? விசில் ஊதினேன். அது மழையைத் தாண்டவில்லை.

மழை விட்டபோது தீவு தூரத்தில் இருந்தது. தென்னை மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. படகு கண்ணுக்கெட்டிய வரை இல்லை.

மூவரும் ஜாக்கெட்டில் காற்று நிரப்பி, இடுப்பில் கட்டியிருந்த ஈய வெயிட்டைக் கழற்றிப் போட்டோம். என்னிடமிருந்த ஆரஞ்சு நிற மார்க்கர் குழாயை ஊதி நிமிர்த்திப் பிடித்தேன். மார்க்கரின் கயிற்றால் மூவரையும் சேர்த்துக் கட்டினேன்.

டாக்டர் சிவகுமார் தீவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, மரம் தெரியுது பாருங்க. இப்பவே நீந்துனாப் போயிரலாமுங்க."

"முடியாது டாக்டர். கரண்ட் அங்கேந்து இங்கே வருது. நீந்தினா களைச்சுப் போவோம், அவ்வளவுதான். கரண்ட் போற வழியிலேதான் நம்மளத் தேடுவாங்க. ஒண்ணா இருந்தா கண்ணுல படுவோம்."

"சும்மா மெதந்துட்டே இருக்கச் சொல்றீங்களா?"

அவர் கயிற்றை அவிழ்க்கப் போனார். நான் தடுக்கும் முன்பே வித்யா அவருடைய ஜாக்கெட் பட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரில நீங்க சொல்றத எல்லாரும் கேக்கறாங்கல்ல? இங்க இவங்க சொல்றதக் கேளுங்க."

அவர் கையை எடுத்துவிட்டார்.  பயந்தவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் நானும் அதே அளவு பயந்திருந்தேன். தென்னந்தலைகள் தாழ்ந்துகொண்டே வந்தன. ஒவ்வொரு அலையின் உச்சியிலும் ஏறியவுடன் நான் முதலில் தேடியது படகை அல்ல, அந்த மரங்களை. பிறகு ஒரு அலையில் அவையும் இல்லை. கலங்கரை விளக்கு மட்டும் ஒரு குச்சிபோல நின்றது.

பேசிக்கொண்டே இருக்கச் சொன்னேன். வித்யா தன் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். டாக்டர் தன் முதல் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். என் முறை வந்தபோது அம்மாவைத்தான் நினைத்தேன். அந்த நேரத்தில் அம்மா இலையைக் கழுவி வைத்துக்கொண்டு, நான் வந்தால் சேர்ந்து சாப்பிடலாம் என்று உட்கார்ந்திருப்பாள். அந்த எண்ணம்தான் கடலைவிடக் கடுமையாக இருந்தது.

5. கரையில்

கரையில் நடந்ததைப் பீவியும் செல்வின் சாரும் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மழை விட்டதும் எங்களைக் காணாமல் கோயா வயர்லெஸ்ஸில் சொல்லியிருக்கிறார். பள்ளிவாசல் மைக்கில் அறிவித்தார்கள். சூரை மீன் பிடிக்கக் கிளம்பிய படகுகள், ஏற்கெனவே கடலில் இருந்தவை, எல்லாமே மீன்பிடிப்பை அப்படியே விட்டுவிட்டுத் தெற்கே திரும்பின. பீவி ஓடிப்போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். இருவரும் டைவ் சென்டருக்கு வந்தார்கள்.

அம்மா செல்வின் சாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "சார், என் பொண்ணு இந்த ஜோலியிலே சமர்த்தா?"

சார் கையிலிருந்த வயர்லெஸ்ஸைக் கீழே வைத்தாராம். பிறகு, "அம்மா, நான் பொய் சொல்ல மாட்டேன். கடல் பெருசு. ஆனா எனக்க சொந்தப் பிள்ளைகளக் கடல்ல எறக்கணும்னா அவகூடத்தான் எறக்குவேன்" என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள். "அப்போ கூட இருக்கறவாளையும் கூட்டிண்டுதான் வருவா." அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. பீவியிடம் திரும்பி, "தேடப் போனவா எல்லாம் பசியோட வருவா. பெரிய பாத்திரம் இருக்கோ?" என்றாள்.

பீவியின் புருஷனும் கடலில்தான் இருந்தார். எங்களைக் காணாமல் கரையேற மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த இரண்டு பெண்களும் கடற்கரையில் கல்லை வைத்து அடுப்பு மூட்டி, ஒரு ஊருக்குப் போதுமான கஞ்சி வைத்தார்கள். தேங்காய் துருவும்போது அம்மாவின் விரல் கீறியதையும், துருவலில் சற்று ரத்தம் பட்டதையும், அதைத் தள்ளிவிட்டு அடுத்த மூடியை எடுத்ததையும் பீவி எனக்குச் சொன்னாள்.

6. சூரைப்படகு

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வித்யாதான் முதலில் எஞ்ஜின் சத்தம் கேட்டார். மார்க்கர் குழாயை இரு கையாலும் தூக்கி ஆட்டினேன். ஒரு சூரைப்படகு எங்களைப் பார்த்துத் திரும்பியது. நீளமான மூங்கில் தூண்டில்கள் அதன் மேல் சாய்ந்து கிடந்தன. அதிலிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். என்ன கத்தினார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. மீன் வாடையும் டீசல் வாடையும் கலந்த அந்தப் படகின் தட்டில் விழுந்தபோது, டாக்டர் சிவகுமார் என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார்.

வழியில் கோயாவின் படகு எதிரே வந்தது. அவர் எங்கள் மூவரையும் விரல் நீட்டி எண்ணினார். பிறகு எஞ்ஜினை அணைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கரையில் அம்மா முதலில் என்னிடம் வரவில்லை. நடுங்கிக்கொண்டிருந்த வித்யாவுக்குத் தன் சால்வையைச் சுற்றினாள். டாக்டர் கையில் கஞ்சியைக் கொடுத்தாள். கடைசியாக என் முன்னால் வந்து நின்று, தலைமுடியிலிருந்த உப்புத் தண்ணீரைத் தலைப்பால் துடைத்தாள்.

"ஒரு பயமும் இல்லேன்னியே."

"இருக்கும்மா" என்றேன். "எப்பவும் இருக்கு."

"இப்போதான் நீ சரியாப் பேசறே" என்றாள்.

7. இடுப்பளவு தண்ணீர்

இனி அடுத்த கப்பலில் போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் காலை அம்மா என்னை எழுப்பினாள்.

"அந்தக் கண்ணாடியை எடுத்துண்டு வா. நீ அங்கே என்னதான் பாக்கறேன்னு நானும் பாக்கணும்."

லகூனில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு சிறு பவளத்திட்டு உண்டு. புடவையோடு இறங்கினாள். மாஸ்க் மாட்டி, ஸ்நார்க்கல் குழாய் வழியாக வாயால் மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தேன். இரண்டு தடவை தண்ணீர் குடித்து இருமினாள். மூன்றாம் தடவை குனிந்தவள் எழவில்லை. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். நீல மீன்கள் பவளக் கிளைகளுக்குள் ஒரே மாதிரி ஒளிந்து, ஒரே மாதிரி வெளியே வந்தன. அவள் முதுகு மெல்ல ஏறி இறங்கியது. அவ்வளவு நிதானமாக மூச்சுவிட்ட கெஸ்டுகள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

நிமிர்ந்தபோது தண்ணீரின் மேற்பரப்பைப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்து பார்த்தாள். மறுபடி நிமிர்ந்தாள்.

"மேலேந்து பார்த்தா ஒண்ணுமே தெரியலையேடீ!"

அன்று மத்தியானம் அப்பாவுக்குப் போன் போட்டாள். "அந்த ஸ்ரீவராகத்துக்காராளோட சொல்லிடுங்கோ, சரிப்படாதுன்னு. இல்லை, இவள் ஒண்ணும் சொல்லலை. நான்தான் சொல்றேன்."

அடுத்த கப்பலில் தனியாகத் திரும்பினாள். பீவி அழுதாள். அம்மா தன் குக்கரை அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனாள்.

8. இப்போது

அதற்குப் பிறகும் பல சீசன்கள் அங்கே இருந்தேன். கடல் சூடான ஒரு கோடையில் பவளம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். மேஜைப் பவளங்கள் எலும்பு நிறத்தில் நின்றன. கிளிமீன் கடிக்கும் சத்தம் குறைந்தது. சில இடங்களில் மெல்ல உயிர் திரும்பியது, சில இடங்களில் திரும்பவில்லை. இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு நீச்சல்குளத்தில் டைவிங் சொல்லித்தருகிறேன். அம்மாவோடு வலியசாலையிலேயே இருக்கிறேன். செல்வின் சார் இன்று இல்லை. பீவியோடு வாரம் ஒருமுறை வீடியோ காலில் பேசுகிறோம். அம்மாவும் பீவியும்தான் பேசுவார்கள், நான் போனைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

என்னிடம் படிக்கும் பெண்கள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். "வீட்டில் எப்படி மேடம் சம்மதிக்க வச்சீங்க?" ஆபத்தே இல்லை என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அவர்களும் நினைக்கிறார்கள். நான் வருஷக்கணக்காக அப்படிச் சொல்லிப் பார்த்தேன். அம்மா ஒருநாளும் நம்பவில்லை. ஆபத்தை அவள் கண்ணால் பார்த்தாள். அதில் நான் என்ன செய்தேன் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதற்கப்புறம்தான் என்னை விட்டாள். அதனால் அவர்களிடம் சொல்வேன்: வீட்டில் பயத்தை மறைக்காதீர்கள். இன்னது நடக்கலாம், நடந்தால் நான் இன்னது செய்வேன் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். முடிந்தால் அம்மாவையும் ஒருநாள் தண்ணீரில் இறக்குங்கள்.