காளான் தலை

எங்கள் ஊரில் தலை நரைப்பது ஷிப்டுக்கு ஒருமுறை நடக்கும். அனல் மின் நிலையத்தில் சாம்பல் கழிக்கும் பிரிவில் அப்பாவுக்கு வேலை. காலையில் கறுத்த தலையோடு கம்பெனி பஸ் ஏறுவார். சாயங்காலம் அதே பஸ்ஸிலிருந்து ஒரு கிழவராக இறங்குவார். புருவம் வெள்ளை, மீசை வெள்ளை, காதுமடலில் இருக்கிற பூனைமயிர்கூட வெள்ளை. நேராகப் பின்வாசல் குழாயடிக்குப் போய்க் குந்திக்கொள்வார். நான் சொம்பு சொம்பாக ஊற்றுவேன். வெள்ளை கரைந்து கொய்யா மரத்தின் தூரை நோக்கி ஓடும். அது ஓட ஓட, உள்ளேயிருந்து என் அப்பா கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவார், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. ஆகவே நரை என்பது கழுவினால் போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் ஒருத்திக்கு உலகத்தைப் பற்றி இதைவிட உறுதியாக வேறென்ன தெரிந்திருக்க முடியும்?

போகாத நரை ஒன்றும் எங்கள் வீட்டிலேயே இருந்தது. சித்தியுடையது. அம்மாவின் தங்கை. கம்மாபுரத்துப் பக்கம் இருக்கிற ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கி, டவுன்ஷிப்பில் ஒரு நர்சரிப் பள்ளியில் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இடது நெற்றிப்பொட்டில் தொடங்கி, காதுக்கு மேலாக ஓடிப் பின்னலுக்குள் புகுந்துவிடும் ஒரு வெள்ளைக் கீற்று. பத்தாவது படிக்கும்போதே வந்துவிட்டதாம். பின்னலில் அது தெரிந்தும் மறைந்தும், தெரிந்தும் மறைந்தும் இடுப்புவரை போகும், தொடுத்த பூவில் நார் தெரிகிற மாதிரி. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. ஒருநாள் அவளையும் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சித்தி மறுக்காமல் தலையைக் குனிந்து கொடுத்தாள்.

"ஊத்துடி, போவுதான்னு பாப்போம்."

ஒரு குடம் காலியாயிற்று. கீற்று அப்படியே இருந்தது. "இது வேற மிஷின்லேர்ந்து வந்த சாம்பல்டி" என்று சொல்லி, ஈரக் கையால் என் மூக்கைத் திருகினாள்.

அந்தக் கீற்றினால் சித்தியின் கல்யாணம் வாசலோடு நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். கேசரி சாப்பிட்டார்கள். சித்தியின் பாட்டைக் கேட்டுத் தலையாட்டினார்கள். கிளம்பும்போது, காலால் செருப்பைத் துழாவிக்கொண்டே, அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்: அது ஏதாவது நோயா, பரம்பரையா, பிறக்கிற பிள்ளைக்கும் வருமா? பிறகு அவர்களிடமிருந்து தகவல் வராது. அம்மா இரண்டு நாள் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள். சித்தி எப்போதும்போல நர்சரிக்குப் போய் வருவாள். சாப்பாடு மட்டும் குறையும்.

அப்போதுதான் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. பெர்மனன்ட். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அம்மாவின் குரல் பூஜையறைக் குரலாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா முடிவு செய்துவிட்டாள்.

"இந்தத் தடவ நான் சொல்றத கேளு. டை அடிச்சிக்கினு வந்து நில்லு. கண்ணாலம் முடியட்டும், அப்புறம் எல்லாம் சரியாப் பூடும்."

எங்கள் வீட்டில் தங்கி எங்கள் சோற்றைச் சாப்பிடுகிறவள் அக்காவை எதிர்த்து என்ன சொல்வாள் என்பதெல்லாம் இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அன்று எனக்கு இருந்த கவலை வேறு: என்னையும் கூட அழைத்துப் போவார்களா?

டவுன்ஷிப்பில் பியூட்டி பார்லர் கிடையாது, ஆனால் இருந்தது. குவார்ட்டர்ஸில் கடை நடத்தக் கூடாது என்பதால் போர்டு வைக்கவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு இரண்டு பிளாக் தள்ளி, ஒரே அச்சில் வார்த்தெடுத்த வீடுகளின் வரிசையில், எந்த வாசலில் நீலத் திரை தொங்குகிறதோ அது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த அந்த அக்காவின் கணவர் சுரங்கத்தில் ராட்சத மண்வெட்டும் இயந்திரம் ஓட்டினார். அக்கா முன்னறையில் கத்தரிக்கோல் ஓட்டினார். ஊருக்கே தெரிந்த ரகசியம். தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி போய்வந்தார்கள்.

என்னையும் அனுப்பினாள் அம்மா, ஒரு நிபந்தனையோடு. "நீயும் முடி வெட்டிக்கினு வா. ஆனா எங்க போன, எதுக்குப் போனன்னு யார்கிட்டயாச்சும் வாயத் தொறந்த, அவ்ளோதான்."

எனக்குக் கிடைத்த லஞ்சத்தின் மகிமையைச் சொல்ல வேண்டும். அதுவரை என் முடி அப்பாவின் முடியோடு சேர்த்துத்தான் வெட்டப்பட்டது. மார்க்கெட் சலூனில், நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் என்னை ஏற்றி உட்காரவைப்பார்கள். "ஒட்டவா, கொஞ்சம் வுட்டா?" என்று சலூன்காரர் கேட்பார். கேள்வி எனக்கில்லை, அப்பாவுக்கு. "ஒட்ட" என்பார் அப்பா, தினத்தாளிலிருந்து தலையை எடுக்காமல். நான் தேர்ந்தெடுப்பதற்கென்று அந்தச் சலூனில் எதுவும் இல்லை, கண்ணாடியில் எந்தப் பக்கம் பார்ப்பது என்பதைத் தவிர.

நீலத் திரைக்குப் பின்னால் உலகம் வேறாக இருந்தது. ஒரே ஒரு நாற்காலி. பவுடர், தேங்காயெண்ணெய், இன்னும் மூக்கை உறுத்துகிற ஏதோ ஒரு மருந்து வாசனை. சுவரில், பழைய காலண்டர் அட்டை ஒன்றில், பத்திரிகைகளிலிருந்து கத்தரித்து ஒட்டிய தலைகள். தலைகள் மட்டும். யு கட், ஸ்டெப் கட், பாய் கட் என்று ஒவ்வொன்றின் கீழும் பேனாவால் எழுதியிருந்தது. நான் அதன் முன்னால் போய் நின்றேன். மிட்டாய்க் கடை முன்னால் நிற்பதுபோல என்று எழுதப் பார்க்கிறேன். மிட்டாயைத் தின்றால் தீர்ந்துவிடும், இது தலையிலேயே இருக்கும் என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

அக்கா, பிடி உடைந்த கோப்பையில் கறுப்புப் பொடியைக் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சித்தியின் கீற்றைத் தடவ ஆரம்பித்தார். நெற்றிப்பொட்டு, காதோரம், பின்னே. வெள்ளை அடங்கி அடங்கிக் கறுத்தது.

"ஊறட்டும் அம்மிணி. கைய மட்டும் வெச்சுப்போடாதீங்க."

சித்தி கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள். "எத்தன நாளைக்கு நிக்குங்க?"

"மாசம் ஒருக்கா போட்டுக்கோணும். வேர்ல வெள்ள தெரியறதுக்கு முன்னால போட்டுப்போடோணும்."

"எதுவரைக்கும்?"

அக்கா சிரித்துவிட்டார். "எதுவரைக்கும்னா என்ன சொல்றதுங்க? தலைல முடி இருக்கறவரைக்கும்."

"கட்டிக்கறவருக்குத் தெரியாமயேவா?"

"அதுக்குத்தானுங்களே போடறதே."

வெளியே ஷிப்டு மாறும் சங்கு ஊதியது. சித்தியின் கை தானாக எழுந்து நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்தது. "ஐயோ, கைய வெக்காதீங்கன்னு சொன்னேனே!" என்றார் அக்கா. சித்தி எழுந்து, தோளில் துண்டோடு, அட்டையின் முன்னால் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

எனக்கு யு கட்டில்தான் கண். என் வகுப்பில் ஒருத்திக்கு இருந்தது. சித்தி எல்லாத் தலைகளையும் மேலிருந்து கீழாக, நிதானமாகப் பார்த்தாள், அவளுக்கே வெட்டப்போகிற மாதிரி. பிறகு மூலையில் இருந்த ஒரு தலையின் மேல் விரலை வைத்தாள். வெள்ளைக்காரச் சிறுமி ஒருத்தி. தலையில் சட்டியைக் கவிழ்த்துச் சுற்றிலும் வெட்டியது போல, காதுக்கு மேலே வட்டமாக நின்றது முடி. கீழே மஷ்ரூம் கட் என்று எழுதியிருந்தது.

அக்கா பதறினார். "அது வேண்டாங்க. இந்த ஊர்ல ஒருத்தருக்கும் இன்னும் வெட்டுனதில்ல. பாக்கறவங்க எல்லாரும் எங்க வெட்டுனது, எங்க வெட்டுனதுன்னு கேட்டுப்போடுவாங்க."

"கேட்டா கேக்கட்டுங்களே" என்றாள் சித்தி. அப்புறம் குனிந்து என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுடி. ஒனக்குப் புடிச்சிருக்கா?"

என் தலையைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள். புடிச்சிருக்கு என்றேன். சொன்ன அந்த நொடியிலிருந்து அது என்னுடைய தேர்வு. யு கட் எல்லாம் ஒரு கட்டா?

வீட்டுக்கு வந்ததும் அம்மா சித்தியின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திருப்திப்பட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒன்ன டை அடிக்க அனுப்பிச்சா, இவ தலைல காளான் மொளைக்க வெச்சிக் கூட்டிக்கினு வந்திருக்கியே! பாக்கறவங்க கேக்க மாட்டாங்களா? ஏய், யாராச்சும் கேட்டா அப்பா வெட்டிவுட்டாருன்னு சொல்லு."

அப்பா பஸ்ஸிலிருந்து வெள்ளையாக வந்தார். வாசலில் என்னைப் பார்த்து நின்றார். "இங்க மழ பேஞ்சிதா? பிளான்ட்டு பக்கம் ஒரு சொட்டு கூட இல்லியே" என்றார். சித்தியையும் பார்த்தார். குழாயடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் சித்தி தலைக்குக் குளித்தபோது குழாயடியில் கறுப்பாக ஓடியது தண்ணீர். அப்பாவிடமிருந்து வெள்ளை ஓடிக் கறுப்பு மிஞ்சும். சித்தியிடமிருந்து கறுப்பு ஓடினால் என்ன மிஞ்சும் என்று பயந்துபோய்ப் பார்த்தேன். கறுப்புத்தான் மிஞ்சியிருந்தது. ஆனால் காதுக்குப் பின்னால் தோலில் ஒரு கறை, எத்தனை தேய்த்தும் போகாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்திதான் எனக்குத் தலை சீவினாள். சீவுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ரொம்ப நேரம் சீவினாள். "யாரு கேட்டாலும் பொய் சொல்லாத" என்றாள் மெதுவாக. "சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னு மட்டும் சொல்லு. அது நெசம்தானே?" நிஜம்தான். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, வெட்கமாக, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் அம்மா உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது நான்தான்.

"இது யாரு, பொம்ம மாதிரி? இங்க வா பாப்பா. முடிய யாரு வெட்டிவுட்டது? சோக்கா இருக்குதே!"

அம்மா கதவோரத்திலிருந்து என்னை முறைத்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டேன். "சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னது?"

"எங்கம்மா."

அந்த அம்மாள் சிரித்தார். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்று, கண் என் தலையிலிருந்து எங்கள் அம்மாவின் முகத்துக்குப் போயிற்று. "முடி வெட்டுனதுல மறைக்கறதுக்கு என்னாம்மா இருக்குது?"

அப்பா, சுத்தமாகக் கழுவிய தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபித் தட்டோடு வந்த சித்தி அதை ஸ்டூலின்மேல் வைத்தாள். நிமிர்ந்தாள். இடது பக்கம் தெரியத் திரும்பி, காதோர முடியை விரலால் விலக்கி, தோலில் இருந்த கறையைக் காட்டினாள்.

"நான்தாங்க இட்டுக்கினு போனேன். எனக்கு டை அடிக்கப் போனோம். இந்த எடத்துல வெள்ளையா இருந்திச்சிங்க, இந்த வாரம் வரைக்கும்."

மாப்பிள்ளை முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"மறுபடியும் வருங்களா?"

"வருங்க" என்றாள் சித்தி.

அவர் கொஞ்சம் யோசித்தார். "வரட்டும்" என்றார்.

"பொண்ணு பாக்க வந்த எடத்துல பெரியவங்கள வச்சிக்கினு பொண்ணுகிட்டயே பேசறான் பாரு" என்று அவர் அம்மா சத்தம் போட்டார். ஆனால் போட்டுக்கொண்டே பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எங்கள் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்; அது எந்த வகை அழுகை என்று எனக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது அந்த அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் முன்நெற்றி நரையைத் தொட்டுக்கொண்டு, "எங்கிட்ட மட்டும் சொல்லு பாப்பா, அந்த வூடு எங்க இருக்குது?" என்றார்.

"சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன் சத்தமாக. அப்பாவும் மாப்பிள்ளையும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

தை மாதம் கல்யாணம். அதற்குள் சித்தியின் நெற்றிப்பொட்டோரம் வெள்ளை விரற்கடை அளவுக்கு வளர்ந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு மட்டுமாவது டை அடிக்கலாமா என்று அம்மா கேட்டதற்கு, பூவுக்குப் பொருத்தமாக இருக்கும், விடுங்கள் என்று சம்பந்தி அம்மாளே சொல்லிவிட்டாராம். அவர் தலை மட்டும் மை போலக் கறுத்திருந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள், நான் இல்லை.

எனக்குள் மட்டும் ஒரு முள். நான்தானே சித்தியைக் காட்டிக்கொடுத்தேன், ஏதோ தற்செயலாகத் தப்பித்தாள் என்று. மணவறையில் அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தபோது, பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து சில வாரங்கள் கழித்து, வளர்ந்துபோன காளானைத் திருத்துவதற்காக மறுபடியும் நீலத் திரைக்குள் போனேன். அட்டை அதே இடத்தில் தொங்கியது. என் முறை வரும்வரை அதன் முன்னால் நின்று என் தலையைத் தேடினேன். இருந்தது. அந்த வெள்ளைக்காரச் சிறுமியின் கன்னத்தில் கறுப்பாக ஒரு கறை, விரல் நுனி அளவுக்கு, ரேகைகூட தெரிகிற மாதிரி. நான் தேர்ந்தெடுத்த தலையை யாரோ அழுக்காக்கிவிட்டார்கள் என்று எனக்குக் கோபமான கோபம். எச்சில் தொட்டு அழுத்தித் துடைத்தேன். எங்கள் ஊரில் எல்லாமே கழுவினால் போகும்.

அது போகவில்லை.