கொசுவம் பிடித்த கை

என் பெயர் விருத்தாம்பாள். ஆரணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். இட்டுக்கட்டிப் பேசும் பழக்கம் எனக்கில்லை. அப்படிப் பேசுகிறவர்களை நான் அருகில் சேர்ப்பதுமில்லை. கீழே இருப்பது என் கண் கண்டது, என் செவி கேட்டது. நம்பாதவர்களோடு எனக்கு வழக்கில்லை.

1981, ஆனி அமாவாசை. என் தோழி அபிதகுசாம்பாளுக்கு ஆவணியில் திருமணம். முகூர்த்தப் பட்டுப்புடவையை அவளுடைய தந்தை அருணகிரி தம் தறியிலேயே நெய்திருந்தார். அதைக் குலதெய்வத்தின் பாதத்தில் வைத்து எடுத்துவர எங்கள் இருவரையும் மேல்மலையனூருக்கு அனுப்பினார். பாதத்தில் வைத்த புடவை நேரே வீடு திரும்ப வேண்டும். முகூர்த்த நாளுக்கு முன் அதன் மடிப்பைப் பிரிக்கக் கூடாது. அது அவர்கள் வீட்டு முறை.

ஊஞ்சல் உற்சவம் முடிந்து மறுநாள் காலை வெளியே வந்த அபிதா, ஆரணி வண்டியைப் பார்க்கவில்லை. புதுச்சேரி வண்டியைப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆச்சுன்னா எந்த மாமியாரு என்னைக் கடல் பாக்க வுடுவா? ஒரே ஒரு நாளு, விருத்தா."

"புடவை?"

"அதுவும்தான் கடலைப் பாக்கட்டுமே."

தோளில் ஆளுக்கொரு துணிப்பை. அதில் கட்டுச்சோறு, ஒரு மாற்றுடை. ரிக்‌ஷாவுக்குச் செலவிட மனமில்லாமல் பகல் முழுவதும் நடந்தே சுற்றினோம்: பழைய துறைமுகப் பாலம், கலங்கரை விளக்கம், மஞ்சள் சுவர் வைத்த நீண்ட தெருக்கள். இரவு தங்க இருப்பதிலேயே மலிவான இடத்தைத் தேடினோம். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு பழைய மாடிவீட்டில் கீழறை கிடைத்தது.

காவலாளி சக்கரவர்த்தி கதவைத் திறந்துவிட்டார்.

"ரூமுல கண்ணாடி மட்டும் கேக்காதீங்கம்மா. மாட்டினா நிக்கறதில்ல, வுழுந்து ஒடைஞ்சிடுது."

அவர் சிரிக்கவில்லை. சுவரில் ஆணிகள் இருந்தன. அறையின் நடுவே, ஓர் ஆள் அமர்கிற அளவுக்குத் தரை ஈரமாக இருந்தது. நான் துடைத்தேன். கைகால் கழுவித் திரும்பியபோது, அதே இடத்தில் அதே அளவு ஈரம். கூரையில் ஒழுக்கில்லை. மழையுமில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் அபிதா புடவைப் பொட்டலத்தை வெளியே எடுத்தாள். அவள் குள்ளம். பெண் பார்க்க வந்த நாளில் மாப்பிள்ளையின் அக்காள், 'புடவைதான் நிக்குது, பொண்ணு எங்கே?' என்று கேட்டிருந்தாள். அந்தச் சொல் அவள் நெஞ்சில் தைத்துக்கிடந்தது.

"புதுப்பட்டு வெறைச்சிகினு நிக்கும். மேடையில தடுக்கி வுழுந்தா அவ சிரிப்பா. ஒருவாட்டி கட்டிப் பாத்துடறேன்."

"பிரிக்காத. சொன்னா கேளு."

"வாத்தியாரம்மா, அதெல்லாம் இஸ்கூல்ல போய்ச் சொல்லு."

பட்டு இழையில் சிக்காதிருக்க வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டாள். மடிப்பைப் பிரித்தாள்.

மாலை ஏழு மணி பத்து நிமிடம். அவள் கொசுவம் வைத்து முடித்தாள். மின்சாரம் போயிற்று.

"அப்படியே நில்லு. மெழுகுவத்தி வாங்கியாறேன்."

முன்கட்டுக்குப் போய்ச் சக்கரவர்த்தியிடம் மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு, சுவரைத் தடவியபடி திரும்பினேன். அறை வாசலை எட்டியபோது உள்ளே ஓர் ஒலி.

கண்ணாடி வளையல்கள்.

பிறகு பட்டை நீவும் ஒலி. சர்... சர்...

இருட்டில் அபிதா பேசினாள்.

"அழகா நீவுறடி, விருத்தா. இன்னும் கொஞ்சம் கீழ இழு..."

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏண்டி... உன் கை இப்படி ஜில்லுனு கீது?"

தீக்குச்சியை உரசினேன். அணைந்தது. மறு குச்சி பற்றிக்கொண்டது.

அபிதா மட்டும் நின்றாள். அந்த ஈரத்தின் விளிம்பில். காலடியில் எவருமில்லை. கொசுவம் அளவுகோல் வைத்தாற்போல் நேராக விழுந்திருந்தது. ஆனால், இடப்புறம் பார்க்க வேண்டிய மடிப்புகள் வலப்புறம் பார்த்திருந்தன.

அவள் வாசலில் என்னைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, தன் காலடியைப் பார்த்தாள்.

அன்றிரவைப் பேருந்து நிலையத்தில் கழித்தோம். விடியற்காலையில் அங்கே இட்லி விற்ற காத்தாயி, நாங்கள் எங்கே தங்கினோம் என்று கேட்டாள். சொன்னோம்.

"அந்த வூடா? அங்க ஒரு அம்மா இருந்துச்சு. எந்தக் கல்யாணம்னாலும் பொண்ணுக்கு அதுதான் புடவை கட்டி வுடும். சொந்தப் பொண்ணுக்குக் குளிச்ச ஈரத்தோட கொசுவம் நீவிகினு குந்தியிருந்தப்பவே உசுரு பூட்ச்சு. கொசுவத்தப் புடிச்ச வெரலைப் பிரிக்க முடியல. கடைசியில புடவையைத்தான் வெட்டுனாங்க."

வீட்டில் சொல்ல அபிதா விடவில்லை. வேறு புடவை கேட்டால் அவளுடைய தந்தை காரணம் கேட்பார். காரணம் தெரிந்தால் திருமணமே நிற்கும் என்று அஞ்சினாள்.

ஆவணி முகூர்த்தம், ஆரணியில் அவர்கள் வீட்டிலேயே. தறி இருந்த அறையில்தான் அவளை அலங்கரித்தேன். என்னைத் தவிர வேறெவரும் உள்ளே வரக்கூடாது என்று கதவைச் சாத்தச் சொன்னாள். கொசுவம் வைத்தாள். நீவிவிட நான் அவள் காலடியில் அமர்ந்தேன்.

"அவ்ளோ வேகமா இழுக்காத, விருத்தா..."

என் கைகள் என் மடியில் இருந்தன.

தரையில் ஈரம்.

வெளியே மேளம் உயர்ந்தது. "பொண்ணைக் கூட்டிகினு வாங்க, ஜல்தி!"

அபிதா காலெடுத்து வைத்தாள். புடவை வரவில்லை. முன்கொசுவம் தரையை நோக்கி விறைத்து நின்றது. எவரோ அமர்ந்து பிடித்திருப்பதுபோல...

"விருத்தா... வுட மாட்டேங்குது..."

முகூர்த்தப் பட்டில் கத்தரி படக்கூடாது. எனக்கும் அது தெரியும். தறியின்மேல் நூல் நறுக்கும் கத்தரி கிடந்தது. எடுத்தேன். கொசுவத்தின் கீழ்விளிம்பை ஒரு சாண் அகலத்திற்கு வெட்டினேன்.

அவள் தடுமாறி முன்னே வந்தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மேடையில் மாப்பிள்ளையின் அக்காள் சொன்னது எனக்குக் கேட்டது: "இப்பதான் பொண்ணு காலே தெரியுது."

அபிதா வேலூரில் நலமாக இருக்கிறாள். அந்தப் புடவையை அவள் மீண்டும் கட்டியதில்லை. வெட்டிய துண்டை எங்கே எறிவதென்று தெரியாமல் அன்று என் பையில் போட்டு எடுத்துவந்தேன். இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது.

முழங்கால் வலி வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குனிந்து கொசுவத்தை நீவ என்னால் முடிவதில்லை. தனியாக வாழ்கிறேன், நீவிவிட வீட்டில் எவருமில்லை.

ஆயினும் என் கொசுவம் ஒருநாளும் கலைந்ததில்லை. நேராகவே விழுகிறது.

வலப்புறம் பார்த்து.