பதினொரு மாத வீடு

திருவனந்தபுரத்தின் ஓரத்தில், அரசு கட்டிய வாடகைக் குடியிருப்பின் முன்னால் பேருந்துக்காக நிற்கிறேன். வீடு ஒதுக்கீட்டுக்காக நிற்கும் வரிசையிலிருந்து ஒரு பெண், கையெழுத்துப் போடக் கொடுத்த ஒப்பந்தத் தாளை என்னிடம் நீட்டுகிறார். பெயர் செல்வி, வள்ளியூர்க்காரர், ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறார்.

"மலையாளம் வாசிப்பீங்களாண்ணே? என்னமோ சந்தேகமா இருக்கு."

வாசிக்கிறேன். இப்போதிருக்கும் அறையை உடனே காலி செய்ய வேண்டும். புது வீடு பதினொரு மாதத்துக்கு மட்டும்.

செல்வி நேரே வரிசையின் முன்னால் அதிகாரி உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் போகிறார். "பொறவு நாங்க எங்க போவோம், சாரே?"

"அதொக்கெ சும்மா எழுதறது. பதினொண்ணு மாசம் கழிஞ்ஞா ஒப்பந்தம் புதுக்கித் தரும், பயப்பட வேண்டா," என்கிறார் அதிகாரி, நிமிராமலே.

"சும்மான்னா அந்த வரிய அடிச்சுத் தாங்க. இப்பவே கையெழுத்துப் போடுதேன்."

அதிகாரி பேனாவை மூடுகிறார். வரிசையில் நிற்கும் பெண்கள் மடித்து வைத்திருந்த தாள்களை ஒவ்வொருவராக விரிக்கிறார்கள்.