மேரிறோஸ் பார்த்த ஒரே ஆட்டம்

மேரிறோஸிடம் காலையில் ஒரு விஷயத்தைச் சொன்னால் மாலைக்குள் அது பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் முழுவதும் தெரிந்துவிடும். குறையாகச் சொல்லவில்லை. என் அழகு நிலையத்தில் பல வருடமாக நூலால் புருவம் திருத்துகிறாள்; கை சுத்தம், வாய்தான் ஓயாது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்திருக்கும்போது மட்டும்தான் கடையில் அமைதி. மணப்பெண்கள் அவளைத் தேடித்தான் வருவார்கள். பெயர்ப்பலகையில் இந்திராதேவி என்று என் பெயர் பெரிதாக இருக்கிறது. சனம் என்னவோ 'மேரிறோஸின் கடை' என்றுதான் சொல்கிறது. எனக்கு அதில் எரிச்சல் உண்டு. ஆனாலும் வருகிற கூட்டத்தைக் கெடுப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அவள் மன்னார்க்காரி. கணவர் மடுத்தீன் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுகிறார், வீடு பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில். ஒரே பிள்ளை றஜீவன். பாரிஸில் இரண்டு வருடம் பௌதிகம் படித்தவன், மிச்சப் படிப்புக்கு உதவித்தொகை கிடைத்து 2016இல் அமெரிக்காவுக்குப் போனான். ஒகையோ மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரி.

அன்றிலிருந்து கடையில் அமெரிக்கச் செய்திதான். அங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். இராச்சாப்பாட்டுக்கும் பாலில் சோள அவலைப் போட்டுச் சாப்பிடுகிறார்களாம். பனி கொட்டும்போது அரைக்காற்சட்டையோடு வகுப்புக்குப் போகிறார்களாம். மகன் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பழகுகிறானாம். தீயணைப்புக்காரர் போடும் தடித்த உடுப்புக்குள் உடம்பு எவ்வளவு சீக்கிரம் சூடேறுகிறது என்று அளக்கிறார்களாம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நெற்றியைக் கொடுத்தபடி எத்தனை பெண்கள் அந்தக் கதிரையில் இருந்திருப்பார்கள்!

செப்டம்பர் கடைசியில் ஒரு படம் வந்தது. றஜீவன் கல்லூரி அணியின் மேற்சட்டை போட்டுக்கொண்டு, அணி போகும் பஸ்ஸில் இருக்கிறான். மேரிறோஸ் உடனே போன் போட்டாள்.

"விளையாடுறியோ?"

"டீமோடை போறன், மமோன்," என்றான், அம்மாவைப் பிரெஞ்சு முறையில் கூப்பிட்டு.

அவளுக்கு அது போதும். மகன் அமெரிக்காவில் உதைபந்து ஆடுகிறான் என்ற செய்தி அன்றே கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் போய்விட்டது. அடுத்த நாள் தாதியருக்குப் படிக்கும் ஒரு பெண் புருவம் திருத்த வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? "அன்ரி, அது எங்கடை உதைபந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்போல், தலையாலை ஓடிவந்து இடிக்கிறது," என்று போனில் எடுத்துக் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். பந்தை உதைப்பது குறைவு, ஆளை விழுத்துவதுதான் கூட. இரண்டு பேர் மோதும் சத்தம் அந்தச் சின்ன போனிலேயே கேட்டது. அடிபட்டு அடிபட்டு மூளை கெட்டுப்போனவர்களும் இருக்கிறார்களாம். அந்தப் பெண் படித்ததையெல்லாம் ஒப்புவித்துவிட்டுப் போனாள்.

அன்றோடு மேரிறோஸின் நித்திரை போயிற்று. ஒவ்வொரு நாளும் மகனிடம் கெஞ்சினாள். "உனக்கு என்ன வேணுமெண்டாலும் செய்யிறன், உந்த விளையாட்டை மட்டும் விடு ராசா." அவனோ, "ஸ வா, எல்லாம் சரி, மமோன். எனக்கு ஒண்டும் நடக்காது, நம்புங்கோ," என்றான். அவன் சிரித்துச் சிரித்துச் சொல்லச் சொல்ல, ஏதோ மறைக்கிறான் என்று இவளுக்குப் பயம் கூடியது. ஒரு பெண்ணின் புருவத்தை நடுவில் பிய்த்துவிட்டாள். அவளிடம் நான் வாங்கிக் கட்டினது எனக்குத்தான் தெரியும்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, மாலை ஆறு மணி. எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத பொழுது. மறுநாள் கல்யாணம் வைத்திருந்த மிருணாளினி கதிரையில் இருந்தாள். இங்கே பிறந்து வளர்ந்த, நல்ல துணிச்சல்காரி. மேரிறோஸின் கதையைக் கேட்டுவிட்டு, "ஒருக்காப் பாத்தால் பயம் போயிடும் அன்ரி. அங்கை இப்ப மத்தியானம், மட்ச் நடக்கும்," என்றாள். கல்லூரியே ஆட்டத்தை இணையத்தில் காட்டுகிறது என்று கண்டுபிடித்து, கடைத் தொலைக்காட்சியில் போட்டும் விட்டாள். அப்போது ஒரு புருவம்தான் முடிந்திருந்தது.

"நான் பாக்கமாட்டன்," என்று மேரிறோஸ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு பக்கவாட்டில் பார்த்தாள். பிறகு நூலைக் கீழே போட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

எல்லோர் தலையிலும் கவசம், தோளில் பெரிய காப்பு. எல்லாம் ஒரே அச்சு. "பெத்த எனக்கே பிள்ளை எதெண்டு தெரியேல்லையே அக்கா," என்று அழாக்குறையாகச் சொன்னாள். றஜீவனின் சட்டை இலக்கம்கூட அவளுக்குத் தெரியாது. மைதானத்துக்கு வெளியே, கோட்டோரமாக, ஒரு பெரிய பழுப்புக் கரடி துள்ளிக்கொண்டிருந்தது. அங்கே கல்லூரிக்கு ஒரு விலங்கு உண்டாம். மாணவன் ஒருவன் அதன் உடுப்புக்குள் புகுந்து ஆடிப் பாடி ஆட்களை உற்சாகப்படுத்துவானாம். மிருணாளினிதான் விளக்கினாள். கரடி நன்றாகத்தான் ஆடியது, ஆனால் நாங்கள் கரடியைப் பார்க்கவா நின்றோம்?

கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. பந்தோடு ஓடிய ஒரு பையனை இரண்டு பேர் இரண்டு பக்கத்தாலும் வந்து இடித்தார்கள். விழுந்தவன் எழும்பவில்லை. கமரா கிட்டப் போனது. கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. புல்லில் கிடந்த கை மட்டும் தெரிந்தது. எங்கள் பிள்ளைகளின் நிறம்.

"என்ரை பிள்ளை! யேசுவே, என்ரை பிள்ளை!"

மேரிறோஸ் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். மிருணாளினி ஒற்றைப் புருவத்தோடு பாய்ந்து வந்து அவளைப் பிடித்தாள். நான் றஜீவனுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. "அவனாய் இராது மேரிறோஸ்," என்றேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை.

மைதானத்தில் எல்லா வீரர்களும் ஒரு காலை மடித்து முழந்தாளிட்டார்கள். ஆள் அடிபட்டு விழுந்தால் அப்படித்தான் செய்வார்களாம். கமரா மெல்ல அவர்களைக் காட்டிக்கொண்டு போய்க் கடைசியில் கரடியில் நின்றது. கரடியும் முழந்தாளிட்டிருந்தது. அந்தத் தடித்த கையைத் தூக்கி நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலுமாகச் சிலுவை போட்டது. போட்ட கையை வாயில் வைத்து முத்தமிட்டது. பிறகு, முதலில் வலது கண், அடுத்து இடது கண் என்று, அந்தப் பெரிய பிளாஸ்டிக் கண்களில் ஒற்றிக்கொண்டது.

மேரிறோஸின் அழுகை நின்றது. என் கையை இறுக்கிப் பிடித்தாள். என் காதுக்கு மட்டும் கேட்கக் குசுகுசுத்தாள்.

"அக்கா... அந்தக் கரடி."

"என்னடி கரடி?"

"அது றஜீவன்."

பயத்தில் இவளுக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகுதான் எனக்கும் பொறி தட்டியது. சிலுவை போட ஆயிரம் பேர் இருப்பார்கள். கும்பிட்ட கையைக் கண்ணில் ஒற்றுவது நாங்கள்தானே! நான் கோயிலில் செய்கிறேன், அவள் தேவாலயத்தில் மாதா சுருவத்தை, அதுதான் சிலையை, தொட்டுவிட்டுச் செய்கிறாள். ஒகையோவில் பிறந்த எந்தக் கரடிக்கு இது தெரியும்? சில நிமிடத்தில் வர்ணனைக்காரரும் விழுந்தவனின் பெயரைச் சொன்னார்: கெலப். றஜீவன் இல்லை.

எனக்கு வந்த நிம்மதியில் சிரிப்பு அடக்க முடியவில்லை. கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தேன். மேரிறோஸ் சிரிக்கவில்லை. திரையில் அந்தப் பையனைக் கழுத்தை அசையாமல் கட்டித் தூக்குக் கட்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் சிரிப்புப் போய்விட்டது. அவளுக்கு மூச்சுத் திரும்பிவிட்டது, ஆனால் அதை நிம்மதியாக விடக் கூச்சமாக இருந்ததாம், பிறகு சொன்னாள்.

ஆட்டம் முடிந்ததும் றஜீவனே எடுத்தான். தேத்தண்ணீர் வைக்கும் பின்னறைக்குள் போய், நாங்கள் இரண்டு பேரும் காதைக் கொடுத்தோம். மேரிறோஸ் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பிள்ளைக்கு எப்பிடி?"

"எந்தப் பிள்ளை?"

"கெலப்."

அவன் திகைத்துப்போய்ச் சொன்னான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்களாம். கழுத்துக்கு ஒன்றுமில்லை, கை கால் அசைகிறது, யார் வென்றது என்று கேட்டானாம். மேரிறோஸ் கதவில் சாய்ந்துகொண்டு ஒரு பெரிய மூச்சு விட்டாள். ஒரு மாதமாக உள்ளே வைத்திருந்த மூச்சு அது.

"சரி. இப்ப சொல்லு. கரடிக்கு ஆர் சிலுவை போடப் பழக்கினது?"

அவன் சின்னக் குரலில், "நீங்கள்தான், மமோன்," என்றான்.

கதை இதுதான். கரடி உடுப்புக்குள் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று அளக்க ஆய்வுகூடத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நெஞ்சில் கருவியை ஒட்டி றஜீவனை உள்ளே விட்டார்கள். விட்டவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, கல்லூரி அவனையே கரடியாக வைத்துக்கொண்டது. உள்ளே இருப்பது யார் என்று பட்டம் பெறும் நாள்வரை ஒருவருக்கும் தெரியக்கூடாதாம். அது அங்கே கட்டாயச் சட்டம்.

"எனக்குமாடா சொல்லக்கூடாது?"

"உங்களுக்குச் சொன்னால் இந்திராதேவி அன்ரியின்ரை கடைக்குச் சொன்ன மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் பொய் சொன்னான் என்று சொல்ல வாயில்லை.

அன்று மிருணாளினியின் இரண்டாவது புருவம் முதலாவதைவிட நன்றாக வந்தது. அவள் இரகசியம் காத்தாள் என்றால் லாச்சப்பலில் நம்பமாட்டார்கள், ஆனால் காத்தாள். மடுத்தீனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். "மகன் இன்னும் விளையாடுறாரோ?" என்று யார் கேட்டாலும், "ஓம், டீமோடைதான் நிக்கிறார்," என்பாள். அது பொய்யும் இல்லை.

அதோடு, சனிக்கிழமை மாலையில் கொஞ்ச நேரம் லீவு கேட்டாள். ஆட்டம் பார்க்க அல்ல. இனி ஆயுளுக்கும் பார்க்கமாட்டேன் என்றுவிட்டாள். பக்கத்துத் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தப் போனாள். நெரிசலான நேரத்தில் கதிரையைக் காலியாக விட்டுப் போனால் எனக்குக் கோபம் வராதா?

"உன்ரை மகன்தான் கரடிக்குள்ளை பத்திரமாய் நிக்கிறானே, பிறகென்ன?" என்றேன்.

"மற்றப் பிள்ளையள் நிக்குதுகளே அக்கா," என்றாள்.

2018இல் றஜீவன் பட்டம் பெற்றான். கறுப்பு அங்கிக்குக் கீழே கரடியின் பாதங்களை மாட்டிக்கொண்டு மேடை ஏறினான். அப்படித்தான் உண்மையை வெளியே விடுவார்களாம். அந்தப் படத்தோடு மேரிறோஸ் வாயைத் திறந்தாள். லாச்சப்பல் ஒரு வாரம் தாங்கவில்லை. றஜீவன் பாரிஸுக்கே திரும்பி வந்துவிட்டான்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள். ஆறு மணிக்குக் கொஞ்சம் முந்தி மேரிறோஸ் மேற்சட்டையை எடுத்தாள்.

"எங்கை போறாய்? அவன்தான் வந்திட்டானே. இனி ஆருக்கு மெழுகுதிரி?" என்று கேட்டேன்.

"கெலப் இன்னும் விளையாடுறான் அக்கா," என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.