சாய்ந்த தரையில் ஒரு குடித்தனம்

ஊரார் வீட்டுத் தரையையெல்லாம் கண்ணாடி மாதிரி சமன் செய்து கொடுக்கிற டைல்ஸ்காரன், தன்னோடு வேலை செய்யும் ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. கேட்டால், "வீடு சின்னதுப்பா" என்று மழுப்பிவிடுவான். உண்மையில், அவன் வீட்டுத் தரை சாய்ந்திருந்தது.

அந்த வீட்டைப் பிடித்தவள் அவன் மனைவி. ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறவளாகச் சேர்ந்தவள். மடிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் மறுபடி பிரித்துப் போடுவாள். அந்தப் பிடிவாதமே அவளை மேற்பார்வையாளராக்கியது. வசதியானவர்கள் வாழும் புறநகரில் ஆஸ்பத்திரி புதுக் கிளை திறந்தபோது, சலவைப் பிரிவை நடத்தும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். விடிவதற்குள் விரிப்புகள் வார்டுக்குப் போயாக வேண்டும். முதல் பஸ்ஸில் வந்தாலும் நேரமாகிவிடும். மாதக் கடைசிக்குள் பக்கத்தில் வீடு பார்க்காவிட்டால், அந்தப் பொறுப்பு வேறொருவருக்கு.

புரோக்கர் அவளை மேலும் கீழும் பார்த்தான். "இந்தப் பட்ஜெட்டுக்கு இங்க நாய்க்கூண்டுதான்க்கா கிடைக்கும்."

"நாயை எங்க அனுப்புவாங்க? அதையும் கேட்டுச் சொல்லுங்க தம்பி."

அதற்குப் பிறகு அவள் புரோக்கரைத் தேடவில்லை. வேலை முடிந்ததும் தெருத் தெருவாக நடந்தாள். 'வாடகைக்கு' என்ற பலகையைப் பார்க்காமல் கேட்டுகளைப் பார்த்தாள். ஒரு வீட்டில், கார் ஷெட் ஷட்டருக்கு முன்னால் பூந்தொட்டிகள் வரிசையாக இருந்தன. தொட்டி இருந்தால் கார் வெளியே வருவதில்லை என்றுதானே அர்த்தம்? மணியை அடித்தாள்.

கண் மங்கியதால் காரை விற்றுவிட்ட வீட்டுக்காரர் வெளியே வந்தார். "ஷெட்லயா? அதுல எப்படிம்மா குடியிருப்பீங்க?"

"கார் இருந்துச்சுல்ல சார்? அதைவிட நாங்க ஒல்லிதான்."

அவர் சிரித்துவிட்டார். பின்பக்கம் டிரைவருக்காகக் கட்டிய குளியலறை இருந்தது; தண்ணீர் வந்தது. வாடகை, புரோக்கர் சொன்னதில் பாதிகூட இல்லை. ஒப்பந்தம் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

குடிவந்த அன்றைக்கே டைல்ஸ்காரன் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான். உள்ளே இருந்த குமிழ் ஒரு ஓரத்துக்கு ஓடியது. கார் கழுவிய தண்ணீர் தெருப்பக்கம் ஓட, ஷட்டரை நோக்கி வாட்டம் விட்டிருந்தார்கள். மகள் பென்சிலைக் கீழே வைத்தால், ஷட்டருக்குப் போய்த்தான் எடுத்து வர வேண்டும்.

"ஒரு ஞாயித்துக்கிழமை போதும். சமன் பண்ணிடறேன்" என்றான்.

"வேண்டாங்க. இப்ப இது ஷெட். நீங்க கை வச்சா வீடாயிடும். அப்புறம் வீட்டு வாடகை கேப்பாரு."

"அப்ப நான் ஆயுசுக்கும் சாய்ஞ்சே நிக்கணுமா?"

"ஒரு கால்ல மட்டும் செருப்பு போட்டுக்கோங்க."

கட்டிலுக்கும் அலமாரிக்கும் தாழ்ந்த பக்கத்துக் கால்களில் உடைந்த டைல்ஸ் துண்டுகளை அடுக்கி நிமிர்த்தினான். தரை மட்டும் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.

அவள் பயந்தது வேறு வழியாக வந்தது. ஒரு நாள் வீட்டுக்காரர், கொரியர் அலுவலகத்துக்கு இடம் தேடுகிற ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் தன் சக்கரப் பெட்டியை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்தார். "சொல்ற வாடகைக்கு எடுத்துக்கறேன் சார்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பெட்டி தானாகக் கிளம்பி, ஷட்டரில் டமாலென்று மோதியது. "தரை இப்படியா? யோசிச்சுச் சொல்றேன்" என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

வீட்டுக்காரர் திரும்பினார். "ஏம்பா, நீ டைல்ஸ் போடுறவன்தானே? இதைச் சமன் பண்ண முடியாதா?"

டைல்ஸ்காரன் கட்டில் காலைப் பார்த்தான். முடியாது என்றால் தொழிலுக்குத் துரோகம். முடியும் என்றால் வீடு போய்விடும். வீடு போனால் அவள் வேலையும் போய்விடும்.

"முடியும் சார்" என்றாள் அவன் மனைவி. "வந்த அன்னைக்கே பண்றேன்னாரு. நான்தான் தடுத்தேன். சமன் பண்ணா வாடகை ஏறும், எங்களால தாங்க முடியாது."

வீட்டுக்காரர் குனிந்து, கட்டில் காலுக்கு அடியில் இருந்த டைல்ஸ் துண்டுகளைத் தடவிப் பார்த்தார். "வேணும்னேதான் விட்டு வச்சியாம்மா?"

"ஆமா சார். மூணு வருஷத்துக்கு இதே வாடகைன்னு எழுதிக் கொடுங்க. நல்ல டைல்ஸா எங்க செலவுல போட்டுத் தர்றோம். போகும்போது தரையைச் சுருட்டிட்டா போகப் போறோம்? உங்களுக்குத்தான்."

"ரெண்டு வருஷம்."

"மக பள்ளிக்கூடம் முடிக்க மூணு ஆகும் சார்."

அவர் டைல்ஸ்காரனைப் பார்த்தார். "வீட்ல எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான் சார்" என்றான் அவன். ஒளித்து வைப்பதுதான் சாமர்த்தியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். எப்போது சொல்ல வேண்டும் என்று தெரிவதும் அதில் சேர்த்தி என்று இப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்காரர் மூன்று வருஷத்துக்கே எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய வேலை, அவன் சொன்னபடி ஒரு நாளில் முடியவில்லை. வெளிவேலைகளில் காட்டாத நுணுக்கத்தையெல்லாம் இங்கே காட்டினான். குளியலறைக்கு மட்டும் வாட்டத்தை விட்டுவைத்தான். தரை காய்ந்த பிறகு, கூட வேலை செய்யும் அத்தனை பேரையும் டீ குடிக்கக் கூப்பிட்டான்.

அன்றைக்கு அவள் டீயைக் குடித்துவிட்டுக் காலி டம்ளரைத் தரையில் படுக்கவைத்தாள். அது அசையவில்லை. ஆனாலும் பழக்க தோஷத்தில், அவள் கை ஷட்டர் பக்கமாக அணைகட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்தது.