பால் வழு

அந்த மனிதரின் விரல்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கும். மட்டன் ரோல் தின்ற எண்ணெய்க் கையை என் மகளின் தாளிலேயே துடைத்தவர்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், சான்ட்ரிங்ஹாம் என்ற பகுதியில் ஒரு தேவாலய மண்டபத்தை எடுத்துச் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்தினார்கள். வருடத்துக்கு ஒரு பேச்சுப்போட்டி. அந்த முறை தலைப்பு ‘நான் வியக்கும் பெண்’. மற்றப் பிள்ளைகள் தாய்மார் எழுதிக் கொடுத்த தாதியையும் கன்னியாஸ்திரியையும் பாடமாக்கிக்கொண்டிருக்க, என் பதினொரு வயது மகள் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு கடற்கொள்ளைக்காரியைக் கொண்டுவந்தாள். ஆண் உடுப்புப் போட்டு, ஆண் பெயர் வைத்து, கப்பலில் சேர்ந்து வாள் பிடித்தவளாம். கடைசியில் பிடிபட்டுச் சிறையில் காய்ச்சல் வந்து செத்தவளாம்.

“கள்ளியையா வியக்கிறாய்?” என்று முகத்தைச் சுளித்தேன். ஆனாலும் தடுக்கவில்லை. எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, முதல் தடவையாகத் தானாகவே தமிழ் எழுத உட்கார்ந்திருந்தாள். இந்தக் கள்ளியின் தயவிலாவது என்னோடு தமிழில் கதைக்கத் தொடங்கிவிடுவாள் என்று எனக்கு ஒரு நப்பாசை.

மூன்றாம் நாள், நான் சமைத்துக்கொண்டிருந்தபோது தாளோடு குசினிக்குள் ஓடிவந்தாள்.

“அம்மா, இங்கிலீஷில ‘ஹீ’ எண்டு மட்டும்தான் மாத்தலாம். தமிழில வினைச்சொல்லுக்கும் ஆம்பிளை வேசம் போடலாம்.”

வாசித்துப் பார்த்தேன். கப்பலில் இருக்கும்வரை ஏறினான், சிரித்தான், வெட்டினான். காயத்துக்கு மருந்து கட்ட ஒருவன் சட்டையைக் கிழிக்கிறான். அந்த இடத்திலிருந்து நிமிர்ந்தாள், பார்த்தாள், “ஓம், நான் பெண்தான்” என்றாள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஊரில் உயர்தர வகுப்புவரை தமிழ் படித்தவள் நான். இலக்கணத்தில் இதற்குப் பெயரே உண்டு என்று அவளுக்குச் சொன்னேன். ஆணைப் பெண்ணாகவோ பெண்ணை ஆணாகவோ சொன்னால் பால் வழு, அதாவது பிழை. ஒரு காரணத்தோடு சொன்னால் அது பிழையில்லை, வழுவமைதி. அன்றிரவு முழுக்க அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டு திரிந்தாள்.

போட்டியன்று நன்றாகத்தான் பேசினாள். மூன்று நடுவர்களில் தலைமை நடுவர் டை கட்டி வந்திருந்த ஒரு பெரியவர். பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் ரோலை மென்றார், அவள் கொடுத்திருந்த தாளில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டார், மறுபடி மென்றார். முடிந்ததும் மைக்கை இழுத்துக்கொண்டார். உதட்டோரத்தில் ரோல் தூள் ஒட்டியிருந்தது.

“ஏறினான், வெட்டினான். பொம்பிளையைப் பற்றித்தானே கதைக்கிறீர், பிள்ளை? முழுக்கப் பால் வழு. ஆணும் பெண்ணும் தெரியாமல் வளக்கினம். பிறகு ஏன் கள்ளியளை வியக்காதுகள்?”

மண்டபம் சிரித்தது. பட்டுச்சேலைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. ச்சீ, என்ன சனம். பக்கத்திலிருந்த மலேசிய அக்கா ஒருத்தி மட்டும், “நல்லாத்தானே பேசுச்சு லா” என்று என்னிடம் முணுமுணுத்தார்.

மகள் மேடையை விட்டு இறங்கவில்லை.

“இல்லை அங்கிள். அது வழு... வழு...”

சொல் வரவில்லை. என்னைப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்த என்னை எல்லோரும் பார்த்தார்கள். ஒரேயொரு சொல்தான். அது என் நாக்கு நுனியில் இருந்தது. சபையில் பெரியவரோடு வாதாடின பொம்பிளை என்று நாளைக்குக் கதைப்பார்களே என்ற பயம் வந்து என் வாயைத் திருப்பிவிட்டது.

“ஓம் ஐயா. இஞ்ச பிறந்த பிள்ளை. ஆண்பால், பெண்பால் ஒண்டும் தெரியாது.”

சொல்லிவிட்டுச் சிரித்தேன் வேறு. அந்த மனிதரும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, கையைத் தாளில் துடைத்து, அதையே பிள்ளையிடம் நீட்டினார். எண்ணெய்க் கறைக்கு நடுவில் அவள் எழுத்து ஊறிக்கிடந்தது. அவரைக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. அவரைவிட என் சிரிப்புத்தான் எனக்குக் கூடுதலாகக் குமட்டியது.

வீட்டுக்குப் போகும்போது காரில் நானே கதைத்துக்கொண்டு வந்தேன். அந்தாளுக்கு விளங்காது, நீ எழுதினதுதான் சரி, அம்மா சும்மா மரியாதைக்குச் சொன்னது என்று தமிழில் கெஞ்சினேன். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். த்ரீ கிங்ஸ் சந்திச் சிக்னலில் நின்றபோது என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

“இட்ஸ் ஓகே, மம்,” என்றாள்.

அதற்கு முன் ஒரு நாளும் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு வேறுமாதிரிக் கூப்பிட்டதுமில்லை.